எலிசியா குளோரோட்டிகா: விலங்கா, பாதித் தாவரமா? வகைப்பாட்டில் இதை எங்கே வைப்பது?

மழைத்துளி

எல்லோருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். ஒளிச்சேர்க்கைப் பாடம் முடித்த கையோடு ஒரு மாணவி தான் பார்த்த காணொளி ஒன்றைப் பற்றிக் கேட்டாள். அச்சு அசலாகப் பச்சை இலை போலவே இருக்கும் கடல் உயிரி, பெயர் எலிசியா குளோரோட்டிகா. "பாதித் தாவரம், பாதி விலங்கு; பாசியின் மரபணுவைத் திருடித் தன் மரபணுவோடு சேர்த்துக்கொண்டது; ஒரு தடவை சாப்பிட்டால் போதும், அப்புறம் ஆயுள் முழுக்க வெயில்தான் சாப்பாடு" என்று அதில் சொல்கிறார்களாம். "அப்படின்னா இதை எந்த உலகத்தில் சேர்ப்பது டீச்சர்?" என்றாள். விலங்குலகம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று திருப்பிக் கேட்டாள். நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

தேடிப் பார்த்தேன், குழப்பம் கூடியதுதான் மிச்சம். ஒரு இடத்தில் நுடிபிராங்க் (பளிச்சென்ற நிறம் கொண்ட, ஓடில்லாத கடல் நத்தை வகை) என்கிறார்கள், இன்னொரு இடத்தில் ஓபிஸ்தோபிராங்க், மற்றொரு இடத்தில் தோட்டத்து நத்தைக்கு நெருங்கிய சொந்தம் என்று இருக்கிறது. தமிழில் தேடினால் 'கடல் அட்டை' என்று வருகிறது. அடுத்த வகுப்புக்குள் தெளிவாகச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

அலைகடல்

டீச்சர், முதலில் பெயரைச் சரிசெய்துவிடுவோம். கடலட்டை வேறு ஆள். அது முட்தோலி, நட்சத்திர மீன், கடல் முள்ளெலி எல்லாம் இருக்கிற கூட்டத்தைச் சேர்ந்தது. கடலுக்குள் மூழ்கி எடுப்பவர்கள், காய வைத்து விற்பவர்கள் என்று நிறையப் பேர் வாயில் அந்தப் பெயர் அந்த உயிருக்கே நிலைத்துவிட்டது. யாரோ மொழிபெயர்க்கும்போது 'அட்டை' என்று போட்டதால் வந்த வினை இது. எலிசியா மெல்லுடலி, நத்தை, சிப்பி, கணவாய் இருக்கிற தொகுதி. 'ஓடில்லாக் கடல் நத்தை' என்று எழுதுங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பிள்ளைகள் பெயரைக் கேட்டதுமே பாதி வகைப்பாடு புரிந்துவிடும்.

ஓடில்லாநத்தை

அலைகடல் சொன்னதை வழிமொழிகிறேன் (என் புனைபெயருக்காக மட்டும் இல்லை!). மெல்லுடலிகளோடு பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மாணவிக்குச் சுருக்கமான பதில்: இது முழு விலங்கு, துளிகூடத் தாவரம் கிடையாது. ஏன் என்று கேட்டால், அதன் பிறப்பிலிருந்து ஆரம்பியுங்கள். வளர்ந்த பச்சை உருவத்தை முதலில் காட்டினால் யாருக்குமே இலைதான் ஞாபகம் வரும். முட்டையைக் காட்டுங்கள்.

எலிசியா குளோரோட்டிகா வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா முதல் ஃபுளோரிடா வரை, உவர்சதுப்புகளிலும் ஆழமில்லாத ஓடைகளிலும் வாழ்வது. வசந்த காலத்தில் வழவழப்பான சரமாக முட்டையிடும். முட்டையில் பச்சை கிடையாது. அதிலிருந்து வருவது வெலிஜர் என்ற இளவுயிரி. அதற்குச் சுருண்ட ஓடு உண்டு, ஓட்டின் வாயை மூடிக்கொள்ள மூடியும் உண்டு. நீந்துவதற்கு ரோமம் அடர்ந்த இரண்டு மடல்கள். எந்தக் கடல் நத்தையின் குஞ்சையும் இதன் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றே தோன்றும். தண்ணீரில் மிதக்கிற நுண்பாசிகளைத் தின்றபடி இரண்டு மூன்று வாரம் திரியும்.

பிறகு வவுச்சீரியா லிட்டோரியா என்ற பாசி தட்டுப்பட்டால்தான் அதன் மேல் இறங்கி உருமாறும். அப்போது ஓட்டைக் கழற்றிவிடுகிறது. இந்தக் குட்டியும் பச்சை இல்லை. பழுப்பு நிறம், மேலே சிவப்புப் புள்ளிகள். அந்தப் பாசியைத் தின்னத் தின்னப் பச்சை ஏறி, சிவப்புப் புள்ளிகள் மறையும். ஏறக்குறைய ஒரு வாரமாவது தொடர்ந்து தின்றால்தான் பச்சை நிலைக்கும்; அதற்கு முன்னால் பாசியிலிருந்து பிரித்துவிட்டால் வெளுத்துப்போகும்.

ஆக, அந்தப் பச்சை பரம்பரைச் சொத்து இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் சம்பாதித்துக்கொள்ள வேண்டியது. பெற்றோர் பாசியிடமிருந்து எடுத்த பசுங்கணிகம், அதாவது ஒளிச்சேர்க்கை நடத்தும் பச்சை உருண்டை, ஒன்றுகூடப் பிள்ளைக்குப் போவதில்லை. வகைப்பாடு என்பது பரம்பரையைப் பார்த்துச் செய்வது. தின்ற சோற்றின் நிறத்தை வைத்து யாரும் சாதி பிரிப்பதில்லை.

தேன்சிட்டு

அண்ணா, பசுங்கணிகம் உடம்புக்குள் எங்கே இருக்கிறது? வயிற்றில் செரிக்காமல் கிடக்கிற பாசியா, இல்லை செல்லுக்குள்ளேயே போய்விடுகிறதா?

நுண்ணோக்கி

தேன்சிட்டு, செல்லுக்குள்ளேயே. செரிமானச் சுரப்பியின் செல்கள் அவற்றை விழுங்கி உள்ளே வைத்துக்கொள்கின்றன. அந்தச் சுரப்பி நமக்குக் கல்லீரல் இருப்பது போல ஒரே இடத்தில் இருப்பதில்லை. மெல்லிய குழாய்களாகக் கிளைத்துக் கிளைத்து உடம்பு முழுக்க, பக்கவாட்டுச் சிறகு மடல்களின் ஓரம் வரைக்கும் ஓடுகிறது. உடம்பு இலை போலப் பச்சையாகத் தெரிவது இந்தக் குழாய்களால்தான்.

குளோரோட்டிகாவை நான் உயிரோடு பார்த்ததில்லை. அதன் நெருங்கிய உறவான எலிசியா கிறிஸ்பேட்டாவை, லெட்யூஸ் இலை போலச் சுருக்கம் சுருக்கமாக இருக்குமே, அதை இரண்டு வருடம் தொட்டியில் வளர்த்தேன். அது தின்பதைக் கைலென்ஸ் வைத்துப் பார்த்த நாளை மறக்க மாட்டேன். தொட்டியில் பிரையாப்சிஸ் பாசி இறகு இறகாக வளர்ந்திருந்தது. இந்தப் பாசிகளின் இழைக்குள் குறுக்குச் சுவர் கிடையாது. மொத்த இழையும் ஒரே நீண்ட குழாய், உள்ளே பச்சைச் சாறு. எலிசியா மெதுவாக வந்து, வாயை ஒரு இழையின் மேல் பொருத்தி, இரண்டு உதட்டாலும் பிடித்துக்கொண்டது. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. அடுத்த கணம் இழைக்குள் பச்சை நகர ஆரம்பித்தது. வாய் இருக்கிற பக்கமாகவே எல்லாம் ஓடி, பின்னால் கண்ணாடி போல வெறும் சுவர் மட்டும் நின்றது. இளநீரில் உறிஞ்சுகுழல் போட்டு இழுத்தால் எப்படியோ அப்படி. கடித்து மெல்லவே இல்லை. அடுத்த இழைக்குப் போய்விட்டது. வவுச்சீரியாவும் இதே மாதிரி குறுக்குச் சுவர் இல்லாத குழாய்ப் பாசிதான். குளோரோட்டிகாவும் இப்படித்தான் தின்கிறது.

அதை நான் இழந்ததையும் சொல்லிவிடுகிறேன், வளர்க்க நினைக்கிறவர்களுக்கு உதவும். வடிகட்டியின் உறிஞ்சு வாய்க்கு வலை கட்டாமல் விட்டேன். ஒரு காலையில் பார்த்தால் உள்ளே இழுக்கப்பட்டுக் கிடந்தது. உடம்பில் எலும்போ ஓடோ இல்லாத உயிருக்குத் தண்ணீரின் இழுவையே எமன். ஒரு துண்டு பஞ்சு வைத்திருந்தால் போதும்.

வேதிக்குடுவை

நல்ல விவாதம். ஆனால் ஓடில்லாநத்தை சொன்ன "துளிகூடத் தாவரம் கிடையாது" என்பதை அவ்வளவு சுலபமாக ஏற்க முடியவில்லை. பசுங்கணிகம் தனியாக வேலை செய்யாது. அதற்குத் தேவையான புரதங்களில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் பாசியின் உட்கருவில் இருக்கிற மரபணுக்களிலிருந்து வருபவை. எலிசியா எடுத்துக்கொள்வது பசுங்கணிகத்தை மட்டும். பாசியின் உட்கரு செரித்துப்போகிறது. ஒளிச்சேர்க்கை நடக்கும்போது சில புரதங்கள் தொடர்ந்து பழுதாகும், புதிதாக மாற்றியாக வேண்டும். அப்படியிருக்கும்போது ஆய்வகத்தில் வெளிச்சமும் காற்றும் மட்டும் கொடுத்து ஒன்பது பத்து மாதம் பச்சையாகவே வைத்திருக்கிறார்களே, அது எப்படி? உதிரிப் பாகம் எங்கிருந்து வருகிறது?

2008இல் மேரி ரம்போவின் குழு இதற்குப் பதில் சொன்னது. பிஎஸ்பிஓ என்ற பாசி மரபணுவை எலிசியாவின் டி.என்.ஏ.வில் கண்டதாக வெளியிட்டார்கள். அது உண்மையானால் கிடைமட்ட மரபணு மாற்றம், அதாவது பெற்றோரிடமிருந்து அல்லாமல் வேறு உயிரியிடமிருந்து மரபணு வருவது, நடந்திருக்கிறது. பல செல் விலங்குக்குள் பாசி மரபணு. அப்போது 'பாதித் தாவரம்' என்பதில் கொஞ்சமாவது பொருள் உண்டுதானே?

ஓடில்லாநத்தை

கேள்வி மிகச் சரியான கேள்வி. 2008 கட்டுரை வந்தபோது நானும் அதை நம்பினேன், உற்சாகமாகப் பல இடங்களில் பேசியும் இருக்கிறேன். ஆனால் அடுத்து வந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வளர்ந்த எலிசியாவிலிருந்து டி.என்.ஏ. எடுத்தால், அதன் வயிறு முழுக்கப் பாசிச் சாறு. கண்ணுக்குத் தெரியாத பாசி டி.என்.ஏ. துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் எது விலங்கின் சொந்தம், எது தின்றதன் மிச்சம் என்று பிரிப்பது கடினம். இந்தச் சிக்கலைத் தீர்க்க நேர்வழி முட்டை. முட்டை பாசியைத் தின்னவில்லை. மரபணு உண்மையிலேயே பரம்பரையாகப் போகிறது என்றால் முட்டையில் இருந்தாக வேண்டும். 2013இல் பட்டாச்சார்யாவின் குழு முட்டை டி.என்.ஏ.வைப் படித்தது. பாசி மரபணு பரம்பரைக்குள் வந்ததற்குச் சான்று இல்லை என்பதுதான் முடிவு. இதில் என்னை மிகவும் கவர்ந்தது, அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ரம்போவும் ஒருவர். தன் பழைய முடிவுக்கு எதிராகப் போகும் தரவில் தானே கையெழுத்து போடுவது சின்ன விஷயம் இல்லை. டீச்சர், மரபணுக் கதையைவிட இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு அறிவியல் எப்படி நடக்கிறது என்று புரியும்.

வேதிக்குடுவை

அதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கதை 2013இல் முடியவில்லை. 2014இல் ஷுவார்ட்ஸ், கர்டிஸ், பியர்ஸ் மூவரும் ஒளிரும் குறிப்பான் வைத்து, பிஆர்கே என்ற பாசி மரபணு குளோரோட்டிகாவின் குரோமோசோமிலேயே ஒட்டியிருப்பதாகக் காட்டினார்கள். அதை வைத்துத்தான் காணொளிகள் எல்லாம் "மரபணுத் திருடன்" என்று தலைப்புப் போடுகின்றன.

சரி, இன்றைய நிலையில் தராசு எந்தப் பக்கம் என்று கேட்டால், மரபணு மாற்றம் இல்லை என்கிற பக்கம்தான். குளோரோட்டிகாவின் மரபணுத் தொகுதி வரைவு 2019இல் வந்தது. 2021இல் உறவுக்கார இனமான பிளாக்கோபிராங்கஸ் ஓசெல்லேட்டஸின் மரபணுத் தொகுதியை முழுவதும் அலசிய ஆய்வு, மரபணு வாங்காமலேயே பசுங்கணிகத்தை வைத்துக்கொள்கிறது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டது.

அப்படியானால் உதிரிப் பாகம்? இதில் எனக்குப் பிடித்த விளக்கம் பாசியின் பக்கமே இருக்கிறது. எல்லாப் பசுங்கணிகமும் ஒரே மாதிரி இல்லை. வவுச்சீரியாவின் பசுங்கணிகம் தன் சொந்த டி.என்.ஏ.விலேயே எஃப்டிஎஸ்எச், டஃப்ஏ போன்ற மரபணுக்களை வைத்திருக்கிறது. முதலாவது, பழுதான புரதத்தை அகற்றுவதில் உதவுவது. இரண்டாவது, புதுப் புரதம் கட்டுவதில் உதவுவது. நாம் பாடத்தில் பார்க்கும் நிலத்துத் தாவரங்களில் இவை உட்கருவுக்குப் போய்விட்டன. அதாவது கருவிப் பெட்டியோடு வீட்டைவிட்டுக் கிளம்பிய பசுங்கணிகம் இது. எலிசியா சும்மா எதையும் தின்னாமல் இந்தப் பாசியைத் தேர்ந்தெடுத்து இறங்குவதில் பொருள் இருக்கிறது.

ஆகவே என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். தாவரத்தன்மை விலங்கிடம் வரவில்லை. உறுதியான பசுங்கணிகம் விலங்கிடம் கொஞ்ச நாள் குடியிருக்கிறது.

தேன்சிட்டு

அப்போ "வெயில்தான் சாப்பாடு" என்பது உண்மையா பொய்யா? இருட்டில் வைத்தால் செத்துவிடுமா?

வேதிக்குடுவை

இரண்டுக்கும் நடுவில். 2014இல் கிறிஸ்டாவும் கூட்டாளிகளும் எலிசியா டிமிடா, பிளாக்கோபிராங்கஸ் ஓசெல்லேட்டஸ் இரண்டையும் பட்டினி போட்டு, சிலவற்றை வெளிச்சத்திலும் சிலவற்றை இருட்டிலும் வைத்தார்கள். இருட்டில் இருந்தவை மாதக்கணக்கில் பிழைத்தன. எடை இரண்டு பக்கமும் குறைந்தது. ஆக, ஒளிச்சேர்க்கை இல்லாவிட்டால் உயிர் போய்விடும் என்பது அந்த இரண்டு இனத்துக்கும் சரியில்லை. பசுங்கணிகங்களை ஒரு சேமிப்புக் களஞ்சியம் போல வைத்துக்கொண்டு, பசிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்கிறது என்றும் பார்க்கலாம்.

ஆனால் ஒளிச்சேர்க்கை வீண் என்றும் சொல்ல முடியாது. 2021இல் கார்ட்டாக்சானா குழு எலிசியா டிமிடாவுக்கு அடையாளமிட்ட கார்பனைக் கொடுத்துப் பின்தொடர்ந்தது. வெளிச்சத்தில் அது பசுங்கணிகத்தில் நிலைபெற்று, அங்கிருந்து முட்டை உற்பத்தியோடு தொடர்புள்ள உறுப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மங்கலான வெளிச்சத்தில் வைத்தவை குறைவாகவே முட்டையிட்டன. தன் வயிற்றுக்கு இல்லாவிட்டாலும் பிள்ளைக்குப் போகிறது.

நுண்ணோக்கி

இதில் 2025இல் வந்த ஒரு ஆய்வையும் சேர்க்க வேண்டும், என் தொட்டியில் இருந்த அதே எலிசியா கிறிஸ்பேட்டாவில் செய்தது. பசுங்கணிகங்களை அது தன் செல்லுக்குள் ஒரு தனிச் சவ்வுப் பைக்குள் அடைத்து வைக்கிறதாம். அந்தப் பைக்கு கிளெப்டோசோம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பையின் உள்சூழலை விலங்கே கட்டுப்படுத்துகிறது; பட்டினி நீளும்போது பையைச் செரிக்கும் பையாக மாற்றி உள்ளிருப்பதைத் தின்கிறது. அப்போது உடம்பு பச்சை போய் ஆரஞ்சு நிறமாகும். படித்தபோது எனக்குச் சட்டென்று என் தொட்டி ஞாபகம். பிரையாப்சிஸ் தீர்ந்துபோன ஒரு மாதத்தில் அது பழுத்த இலை மாதிரி நிறம் மாறியது. நோய் என்று நினைத்து உப்பின் அளவை மாற்றிக்கொண்டிருந்தேன். அது பசி.

தேன்சிட்டு

வகைப்பாட்டுக்கு வருவோமா? எங்கள் கல்லூரிக் குறிப்பில் ஓபிஸ்தோபிராங்கியா என்று ஒரு துணை வகுப்பு, அதற்குள் நுடிபிராங்க், கடல் முயல் (இதுவும் ஒரு கடல் நத்தை வகை), எலிசியா எல்லாமே. தேர்வில் அப்படித்தான் எழுதினேன், மதிப்பெண்ணும் கிடைத்தது.

ஓடில்லாநத்தை

மதிப்பெண் கிடைத்ததில் தவறில்லை, ஒன்றரை நூற்றாண்டு எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். இது நீளமான கதை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கதை.

எலிசியாக் கூட்டத்தில் ஐரோப்பியக் கரை இனம் ஒன்று உண்டு, இன்று எலிசியா விரிடிஸ். மான்டேகு 1804இல் முதலில் விவரித்தபோது அதைக் கடல் முயல் பேரினத்தில் சேர்த்து லாப்ளீசியா விரிடிஸ் என்றார். பக்கவாட்டில் மடல் இருக்கிறது, ஓடு வெளியே தெரியவில்லை, கடல் முயல் போலத்தானே? அந்தக் காலத்துக்கு நியாயமான யூகம். 1818இல் ரிஸ்ஸோ எலிசியா என்ற பேரினத்தை உருவாக்கினார். நம் குளோரோட்டிகாவுக்குப் பெயர் தந்தவர் அகஸ்டஸ் கோல்ட், ஆண்டு 1870. ஆனால் கோல்ட் 1866இலேயே இறந்துவிட்டார். மாசசூசெட்ஸ் முதுகெலும்பிலிகள் பற்றிய அவருடைய அறிக்கையின் இரண்டாம் பதிப்பை பின்னி என்பவர் முடித்து வெளியிட்டபோதுதான் இந்தப் பெயர் அச்சேறியது. பெயரிட்டவர் தன் பெயரை அச்சில் பார்க்கவே இல்லை.

அடுத்தது பெரிய கூட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மில்ன்-எட்வர்ட்ஸ், செவுள் இதயத்துக்குப் பின்னால் இருப்பவை என்று பொருள்படும் ஓபிஸ்தோபிராங்கியாவை வகுத்தார். ஓட்டை இழந்த கடல் நத்தைகள் பலவும் இதற்குள் போயின. சிக்கல் எங்கே என்றால், ஓட்டை இழப்பது ஒரே ஒரு தடவை நடந்த சம்பவம் இல்லை. பல கிளைகளில் தனித்தனியாக நடந்திருக்கிறது. ஓடு போனால் உடம்பு நீளும், சமச்சீராகும், நிறம் வரும், செவுள் இடம் மாறும். முடியை மழித்தவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

டி.என்.ஏ. ஒப்பீடு வந்ததும் அந்தக் கூட்டம் கலைந்தது. 2005இல் புஷே, ரோக்ருவா வகைப்பாட்டிலேயே ஓபிஸ்தோபிராங்கியா முறையான தகுதியை இழந்து வெறும் வழக்குப் பெயராகிவிட்டது. 2010இல் யோர்கர் குழு இன்னும் முன்னே போனது. எலிசியா இருக்கும் சாக்கோகிளாசா என்ற பிரிவை, நுரையீரல் நத்தைகளோடு சேர்த்துப் பான்பல்மொனேட்டா என்ற பெருங்குழுவுக்குள் வைத்தார்கள். கடல் முயல்கள் பக்கத்துக் கிளையில், யூஓபிஸ்தோபிராங்கியா. நுடிபிராங்குகளோ அதற்கும் முன்பே பிரிந்த நுடிப்ளூரா கிளையில். அதன் பிறகு வந்த பெரிய மரபணு ஆய்வுகளும் சாக்கோகிளாசாவை நுரையீரல் நத்தைகளின் பக்கமே வைக்கின்றன.

ஆகவே டீச்சர், நீங்கள் படித்தது சரிதான். மழை விட்டதும் சுவரில் ஏறுகிற ஓட்டு நத்தைக்கு எலிசியா நெருங்கிய சொந்தம். பவளப்பாறையில் மின்னுகிற நுடிபிராங்க் தூரத்துச் சொந்தம். உருவத்தைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனாலேயே இதை ஆர்வத்தோடு சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போதைய முகவரி: மெல்லுடலிகள் தொகுதி, வயிற்றுக்காலிகள் வகுப்பு, ஹெட்டிரோபிராங்கியா துணை வகுப்பு, சாக்கோகிளாசா, பிளாக்கோபிராங்கிடே குடும்பம், எலிசியா பேரினம்.

அலைகடல்

சாக்கோகிளாசா என்றால்? 'கிளாசா' நாக்கு என்று தெரியும்.

நுண்ணோக்கி

'பை நாக்கு'. 1876இல் ஃபான் இயெரிங் வைத்த பெயர். நத்தைகளுக்கு ராடுலா என்ற பல் நாக்கு உண்டு. சாதாரண நத்தையில் குறுக்கு வரிசை வரிசையாக ஏகப்பட்ட பற்கள், அரம் போல. இவற்றுக்கு ஒரே வரிசை. அதிலும் ஒரு சமயத்தில் முன்னால் இருக்கிற ஒரே ஒரு பல்தான் வேலை செய்யும், பாசியின் சுவரைக் குத்தித் திறக்கும் ஈட்டி அது. மழுங்கியதும் அடுத்தது முன்னுக்கு வரும். மழுங்கிய பல்லை வெளியே துப்பாமல் உள்ளேயே ஒரு பையில் சேர்த்துவைக்கும் பழக்கம் இந்தக் கூட்டத்துக்கு உண்டு. ஒரு மாதிரியின் பையை நுண்ணோக்கியில் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றன் மேல் ஒன்றாகக் குட்டிக் குட்டிப் பற்கள், குவியலின் அடியில் இருப்பவை மிகச் சிறியவை. குட்டியாக இருந்தபோது பயன்படுத்தியவை.

கண்ணால் நுடிபிராங்கிலிருந்து பிரிக்க வேண்டுமானால் தலையில் உள்ள உணர்கொம்பைப் பாருங்கள். எலிசியாவுக்கு அது வெற்றிலையைச் சுருட்டியது போல நீளவாக்கில் சுருண்ட மடல். நுடிபிராங்குக்குத் திடமான தண்டு. படத்திலேயே தெரிந்துவிடும்.

ஓடில்லாநத்தை

நுண்ணோக்கி சொன்ன பல்லுக்கு ஒரு பெருமை உண்டு. பெர்தெலினியா என்ற பேரினத்தை 1875இல் பாரிஸ் பகுதியின் தொல்லெச்ச ஓடுகளை வைத்து விவரித்தார்கள். இரண்டு ஓடு, நடுவில் கீல். யார் பார்த்தாலும் சிப்பி. அதனால் இருவோட்டுச் சிப்பிகளில் வைத்தார்கள். 1959இல் ஜப்பானின் தமானோவில் கவாகுதியும் பாபாவும் அந்த வகை ஓட்டோடு உயிருள்ள ஒன்றை கௌலெர்ப்பா பாசியின் மேல் கண்டார்கள். இரண்டு ஓட்டுக்கும் நடுவிலிருந்து தலையையும் உணர்கொம்பையும் நீட்டிக்கொண்டு நத்தை போல ஊர்ந்தது. சாக்கோகிளாசா! சிப்பிகளுக்கு ராடுலாவே கிடையாது, இதற்கு அந்த ஒற்றை வரிசைப் பல் இருந்தது.

அதே கவாகுதிதான் 1965இல் யமசுவோடு சேர்ந்து, எலிசியா அட்ரோவிரிடிஸின் செல்லுக்குள் இருக்கும் பச்சை உருண்டைகள் பாசியின் பசுங்கணிகங்களே என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டியது. இந்தத் துறையின் இரண்டு பெரிய ஆச்சரியங்களும் ஒரே மனிதரின் மேசையில் நடந்திருக்கின்றன.

தேன்சிட்டு

தலையைத் தானே கழற்றிக்கொள்ளும் நத்தையும் எலிசியாதானே?

நுண்ணோக்கி

ஆமாம், எலிசியா மார்ஜினேட்டாவும் அட்ரோவிரிடிஸும். 2021இல் மிதோவும் யூசாவும் எழுதினார்கள். இதயம் உட்பட உடம்பை விட்டுவிட்டுத் தலை மட்டும் ஊர்ந்துபோய், சில மணி நேரத்திலேயே பாசி தின்ன ஆரம்பிக்கிறது. மூன்று வாரத்தில் புது உடம்பு. இளம் வயதுடையவைக்குத்தான் அது முடிந்தது. குளோரோட்டிகாவுக்கு இதைப் பொருத்திச் சொல்லிவிடாதீர்கள், அது வேறு இனம்.

மழைத்துளி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம். வெயில் இருந்தும் பத்து மாதத்தில் ஏன் இறந்துவிடுகிறது? பசுங்கணிகம் பழசாகிவிடுவதாலா?

ஓடில்லாநத்தை

குளோரோட்டிகா ஓராண்டு உயிரி. வசந்தத்தில் முட்டையிட்டதும் அந்தத் தலைமுறை மொத்தமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இறக்கிறது. ஆய்வகத் தொட்டியில் வைத்தாலும் அதே கதைதான். 1999இல் பியர்ஸ், ரம்போ உள்ளிட்டோர், இறக்கும் தறுவாயில் இருந்தவற்றின் செல்களில் வைரஸ் துகள்கள் பெருகியிருப்பதைக் கண்டார்கள். ரெட்ரோவைரஸ் போன்ற தோற்றம் கொண்டவை. பசுங்கணிகம் தீர்ந்துபோய் இறப்பது என்று மட்டும் வைத்துக்கொண்டால் இந்தப் படம் பொருந்தாது. அப்போதும் பச்சையாகவேதான் இருக்கின்றன.

மழைத்துளி

இன்று பாடம் நடத்தினேன். ஓடில்லாநத்தை சொன்னபடி முட்டையிலிருந்து ஆரம்பித்து, சுருண்ட ஓட்டோடு நீந்துகிற வெலிஜரைக் கரும்பலகையில் வரைந்தேன். "இது என்ன?" என்றதும் வகுப்பு முழுக்க "நத்தை" என்றது. அதற்குப் பிறகு பச்சை உருவத்தைக் காட்டினேன். கேள்வி கேட்ட மாணவி தன் நோட்டில் 'பாதித் தாவரம்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'வயிற்றுக்காலி' என்று எழுதினாள். முட்டை ஆய்வைச் சொன்னபோது, "அப்போ அந்த மேடமே தான் முன்னாடி சொன்னது சரியில்லைன்னு சொன்னாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

மணி அடித்த பிறகு இன்னொரு கேள்வியோடு வந்தாள். கழற்றிப் போட்ட ஓடு எங்கே போகும் என்று. எனக்குத் தெரியவில்லை.

ஓடில்லாநத்தை

பாசி இழைகளுக்கு நடுவிலேயே கிடக்கும். பொடி மணல் அளவு, கண்ணாடி மாதிரி. ஆய்வகத்தில் வளர்க்கும்போது கிண்ணத்தின் அடியில் காலி ஓடுகளைப் பார்த்துத்தான் எத்தனை குஞ்சுகள் உருமாறின என்று எண்ணுவோம்.